சிறு படகுக்கு எத்தனை எச்.பி. மோட்டார்?



பயிர் பச்சையைப் பற்றிப் பேசுகிற ஆள் படகு மோட்டாரைப் பற்றி எதுக்குப் பேசணும் என்று சிலர் நினைக்கலாம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் கிணறுகளுக்கு எத்தனை குதிரை சக்தி பம்பு செட் போடலாம் என்ற கேள்வியும், உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி மீனவர்கள் அவுட்போர்டு மோட்டார் வாங்கும்போது கேட்கிற கேள்வியும் அடிப்படையில் ஒன்றுதான். ஊற்று கொடுக்கிற தண்ணீர் இவ்வளவுதான் என்றால், பெரிய மோட்டாரைப் போட்டு என்ன பிரயோசனம்? செலவுதான் மிச்சம். படகுக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு.

"ஏன் அண்ணாச்சி, பெரிசா வாங்கினா வேகமாப் போகலாமே" என்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. படகு ஓடும்போது அணியத்தில் ஓர் அலையும் பின்பக்கம் ஓர் அலையும் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக் கூட இந்த இரண்டு அலைக்கும் நடுவே உள்ள தூரம் நீளும். அது படகின் நீளத்துக்குச் சமமாகிவிட்டால், படகு தன் அலைப் பள்ளத்திலேயே உட்கார்ந்துகொண்டு, முன்னால் தானே கிளப்பிய அலைமீது ஏறப் பார்க்கும். அதற்கு மேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் பெரும்பகுதி அலை கிளப்புவதிலேதான் போகும்.

இந்த வரம்பைக் கணக்கிட ஒரு சுலபமான வழி இருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்று வரும். நீர்மட்டத்தில் 23 அடி இருக்கிற பைபர் படகுக்கு ஏறக்குறைய 6.4 கடல் மைல், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். இந்த வரம்பை நெருங்குகிற வரைக்கும்கூட விசைக்கு ஈடாக வேகம் ஏறாது. வேகத்தை இரண்டு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு விசை வேண்டும். திருப்பிச் சொன்னால், மோட்டாரை இரண்டு மடங்காக்கினால் வேகம் கால்பங்குதான் கூடும். வரம்பைத் தாண்டினால் அதுகூடக் கிடைப்பது சந்தேகம். தட்டையான அடிப்பாகம் உள்ள லேசான படகு பெரிய மோட்டாரில் எழும்பி ஓடும், உண்மைதான். ஆனால் அது வெறும் படகு ஓடுகிற ஓட்டம். ஈர வலையும் மீனும் ஏறினதும் அமர்ந்துவிடும். நாம் கணக்குப் போட வேண்டியது பாரத்தோடு திரும்புகிற படகுக்கு.

சரி, எத்தனை எச்.பி.? மொத்த எடை ஒரு டன்னுக்கு 4 முதல் 5 குதிரை சக்தி என்பது இந்த மாதிரிப் படகுகளுக்குப் பொதுவான கணக்கு. ஓர் உதாரணம். படகு 700 கிலோ, ஆட்கள் நாலு பேர் 260, வலை 250, ஐஸும் எண்ணெயும் 100, மீன் 300 என்று வச்சுக்குவோம். கூட்டினால் 1610 கிலோ. டன்னுக்கு 5 வீதம் எட்டு குதிரை சக்தி. மோட்டாரை எப்போதும் முழு விசையில் ஓட்டக்கூடாது. முக்கால் பங்கு, மிஞ்சினால் ஐந்தில் நாலு பங்கு விசையில் ஓட்டினால்தான் ஆயுசு நிற்கும். ஆகையால் பத்து எச்.பி. வாங்கலாம். மிச்சம் இருக்கிற அந்த ஐந்தில் ஒரு பங்கு வீண் அல்ல. நம்முடைய கரைகளில் பல இடங்களில் அலையைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டு அலைக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் படகு சட்டென்று கிளம்பணும். கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது அந்த மிச்சம்தான் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று அஞ்சு எச்.பி.யோடு நிறுத்திக்கொள்வதும் ஆபத்து.

இப்போது எண்ணெய்க் கணக்கு. மோட்டார் விலை ஒரு தடவை கொடுப்பது. எண்ணெய் தினமும் கொடுப்பது. இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் முழு விசையில் ஒரு எச்.பி.க்கு மணிக்குச் சுமார் அரை லிட்டர் குடிக்கும். மண்ணெண்ணெயில், நம்ம பக்கத்துச் சீமெண்ணெயில், ஓடினால் இன்னும் கொஞ்சம் கூடும். மீன்பாடு 18 கிலோமீட்டரில் என்றால், 10 எச்.பி. மோட்டாரில் மணிக்கு 12 கிலோமீட்டராகப் போய்வர மூன்று மணி நேரம், 15 லிட்டர். 25 எச்.பி. மோட்டாரில் தாராளமாக 16 கிலோமீட்டர் வேகம் வைத்தாலும், இரண்டேகால் மணி நேரத்துக்கு 28 லிட்டர். முக்கால் மணி நேரம் முந்திவர 13 லிட்டர் எண்ணெய்! ஏலத்துக்கு முந்திப் போனால் விலை கூடும் என்பார்கள். கூடும். அது தினமும் 13 லிட்டருக்கு ஈடாகுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் வாங்கி மோட்டார் எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986-இல் ஒரு கையேடே வெளியிட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதுதான் காசில்லாத சிக்கனம். பத்தில் ஒரு பங்கு வேகம் குறைத்தால் கிலோமீட்டருக்கு ஆகிற எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். மூன்று மணிப் பயணம் இருபது நிமிஷம் நீளும், அவ்வளவுதான். டீசல் மோட்டார் இதே வேலைக்குப் பாதி எண்ணெயில் ஓடும். ஆனால் கனம் அதிகம். பத்து எச்.பி. அவுட்போர்டை ஓர் ஆள் தோளில் தூக்கிக் கரையேற்றிவிடலாம். டீசலை அப்படித் தூக்க முடியாது.

எச்.பி. சரியாக இருந்தும் ஓட்டம் சரியில்லை என்றால் விசிறியைப் பாருங்கள். ஒரே மோட்டாருக்குப் பல அளவில் விசிறி வரும். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளுகிற விசிறி லேசான வேகப் படகுக்கு உரியது. பாரம் ஏற்றுகிற படகில் அதை மாட்டினால் இன்ஜின் திணறும், சூடேறும். அதுபோல மோட்டார் தண்டின் நீளமும் முக்கியம். 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவு சாதாரணமாகக் கிடைக்கும். விசிறிக்கு மேலே இருக்கிற தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே நின்றால் விசிறி காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும்.

மண்ணெண்ணெய் மோட்டார்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். கரை சேருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்தினால், மறுநாள் கயிறு இழுத்து இழுத்துக் கை ஓயாது. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. துடுப்பும் எப்போதும் படகில் இருக்கட்டும்.

புது மோட்டார் எடுக்கும்போது முழுப் பணத்தையும் கொடுக்குமுன் விற்பவரைக் கரைக்கு வரச் சொல்லுங்கள். வழக்கமான ஆட்களையும் வலையையும் ஏற்றி, மீனுக்குப் பதில் மணல் மூட்டை வைத்து, முழு விசையில் ஓட்டிப் பாருங்கள். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதை அவர் கருவி வைத்து அளக்கட்டும். பெரும்பாலான சிறு மோட்டார்களுக்கு அது 4500-லிருந்து 5500-க்குள் இருக்கும். உங்கள் மோட்டாரின் சரியான அளவு புத்தகத்தில் போட்டிருக்கும். அதற்குக் கீழே நின்றால் தள்ளும் தூரம் குறைந்த விசிறி, மேலே போனால் கூடின விசிறி மாற்றித் தரச் சொல்லுங்கள்.