இரண்டாவது கம்பியும் வேலை செய்கிறதா?

காரியாலயத்தில் பல கணிப்பொறிகள் இருப்பினும், கணக்குக் கோப்புகளை ஒரே சர்வரில் வைத்துக் காப்பது நல்ல ஏற்பாடாகும். அக்கோப்புகளை மற்றக் கணிப்பொறிகள் தம்மிடமே உள்ளவைபோல் கையாள உதவும் முறைகளுள் ஒன்று ‘நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்’. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களில் இதனை உருவாக்கியது.

சர்வருக்கு ஒரே கம்பி இருந்து, பட்டுவாடா நாளன்று அது பழுதாகுமாயின், கூலிப் பதிவேட்டைத் திறக்க இயலாது. நெசவாளர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். ஆதலின் சர்வருக்கு இரண்டு கம்பிகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரியும் அமைப்பதுண்டு. ஆயினும், கம்பியைப் பூட்டிவிட்டதாலேயே அது பயன்பட்டுவிடாது. அவ்வழி இருப்பதைக் கணிப்பொறி கண்டறிய வேண்டும்.

இம்முறையின் நான்காம் பதிப்பில், கோப்புகள் எந்தெந்த முகவரிகளில் கிடைக்கும் என்று சர்வரிடமே கேட்கலாம். சர்வர் ஒரு பட்டியல் தரும். அதில் நகல் வைத்திருக்கும் வேறு சர்வர்களின் முகவரிகளும் கலந்திருக்கலாம். வேறொன்றை அதே சர்வரென்று கொண்டால், இங்குப் போட்ட பூட்டு அங்குச் செல்லாது. ஒரே பதிவேட்டை இருவர் திருத்திக் கணக்கைக் குழப்பிவிடுவர்.

சங்கத்தைத் தணிக்கை செய்யும்போது நாங்கள் பெயர்ப்பலகையை நம்புவதில்லை. பதிவு எண்ணையே பார்க்கிறோம். 2010-இல் வெளியான 4.1 பதிப்பும் அவ்வாறே செய்கிறது. புதிய முகவரியில் தொடர்பு கொண்டதும் சர்வர் தன் அடையாளத்தைத் தெரிவிக்கும். அது முன்னைய அடையாளத்தோடு முற்றும் பொருந்தினால், நடந்துகொண்டிருக்கும் தொடர்பிலேயே புதிய வழியும் சேரும். ஒரு பகுதி மட்டும் பொருந்தினால், அதே சர்வராயினும் தனித் தொடர்பு தொடங்க வேண்டும்.

லினக்ஸ் கணிப்பொறிகளில் இத்தேடல் தானாக நிகழாது. ‘டிரங்க் டிஸ்கவரி’ என்னும் விருப்பத்தைக் குறிப்பிட்டு இயக்க வேண்டும். ‘மாக்ஸ் கனெக்ட்’ வரம்பையும் ஒன்றுக்கு மேல் உயர்த்த வேண்டும். இல்லையேல் சங்கம் பணம் கொடுத்து வாங்கிய இரண்டாவது கம்பி வாளாவிருக்கும்.

ஆகவே நிர்வாகிகள், பணி முடித்த பொறியாளருக்குப் பணம் கொடுக்குமுன், பட்டுவாடா இல்லாத ஒரு நாளில், தம் முன்னிலையிலேயே ஒரு கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார்களாக. அப்போதும் பதிவேடு திறந்தால் ஏற்பாடு சரியே; திறக்காவிடில், குறையை அன்றே தீர்த்துக்கொள்ளலாம்.