கடைச் சொதியும் வீட்டுச் சொதியும்

சைவ உணவுச்சாலையில் இடியப்பத்தோடு சுவைத்த சொதியை வீட்டில் ஆக்கிப் பார்ப்போர், பால் திரைந்து எண்ணெய் மிதக்கக் கண்டதும், கடைக்காரர் ஏதோ மறைக்கிறார் என்பர். அவர் கைக்கொள்வது ஒழுங்கான முறையொன்றே.

தேங்காய்ப்பாலில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளை நீரோடு பிணைத்து நிற்பது புரதம். ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அப்பிணைப்புத் தளரத் தொடங்கும். புளியும் அதனைக் குலைக்கும். ஆதலின், வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைக் கொழுப்புக் குறைந்த இரண்டாம் பாலிலேயே அவித்தல் வேண்டும். பின்னர் அடுப்பைத் தணித்து, முதற்பாலை வார்த்து, ஓயாது துழாவி, கொதி எழுமுன் இறக்குக. சற்று ஆறிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுக.

இனியொருகால் பால் திரைந்தால், நேயர்களே, தேங்காயையும் இல்லாளையும் நோகாது, நம் அவசரத்தையே நோவோமாக.