கொலையாளி யார் என்பது இரண்டாவது கேள்வி

குடும்ப ரகசியமும் கொலையும் கலந்த உளவியல் த்ரில்லரைப் படித்து முடித்தவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "பாதியிலேயே கண்டுபிடிச்சிட்டேன்" அல்லது "கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியலை". இரண்டுமே பாராட்டுதான். முதலாவது தனக்கு, இரண்டாவது எழுத்தாளருக்கு. ஆனால் ஒரு வருஷம் கழித்து அதே புத்தகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கொலையாளி யார் என்பதே மறந்து போயிருக்கும். சாப்பாட்டு மேசையில் ஒருத்தரும் பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சி, பூட்டியே கிடந்த அறை, ஒரு பெயரைச் சொன்னதும் பேச்சை மாற்றிய அம்மா, இதெல்லாம் நினைவில் இருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. இந்த வகைக் கதையில் கொலையாளி யார் என்பது இரண்டாவது கேள்விதான். அந்த வீட்டில் யாருக்கெல்லாம் என்ன தெரிந்திருந்தது, தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் முதல் கேள்வி. இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லிவிட்டுப் போகாமல், இந்த வகை எழுத்துக்கு விதை போட்ட ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். 1860-ல் இங்கிலாந்தில் நடந்தது.

ரோட் ஹில் ஹவுஸ்

வில்ட்ஷைர், சாமர்செட் எல்லையில் ரோட் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பெரிய வீடு. குடும்பத் தலைவர் சாமுவேல் கென்ட். தொழிற்சாலைகளைச் சோதனை செய்யும் அரசாங்க உத்தியோகம். 1860 ஜூன் 29 இரவு அந்த வீட்டில் 12 பேர் படுக்கப் போனார்கள். காலையில் நான்கு வயதுகூட நிரம்பாத சாவில் என்ற பையன் படுக்கையில் இல்லை. தோட்டத்தில் வேலைக்காரர்களுக்கென்று இருந்த கழிப்பிடத்துக்குள் உடல் கிடைத்தது. கழுத்து அறுபட்டிருந்தது. மார்பில் ஒரு குத்துக் காயம்.

இரவு எல்லாக் கதவும் தாழிடப்பட்டிருந்தது. காலையில் வரவேற்பறை ஜன்னல் ஒன்று மட்டும் திறந்து கிடந்தது. வெளியாள் உள்ளே நுழைந்ததற்குத் தடயம் இல்லை. அப்படியானால் மிச்சமிருந்த 11 பேருக்குள்தான் ஆள் இருக்க வேண்டும். பூட்டிய வீடு, உள்ளே இருப்பவர்களில் ஒருவர். பின்னால் எத்தனையோ நாவல்களுக்கு அச்சாகப் போன நிலைமை இது.

இப்போது அந்த வீட்டு மாடிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் மாடியில் சாமுவேலும் இரண்டாவது மனைவி மேரியும், அவர்களுக்குப் பிறந்த சின்னக் குழந்தைகளும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எலிசபெத் காஃப் என்ற பெண்ணும். இரண்டாம் மாடியில் மூத்த தாரத்துப் பிள்ளைகள் நால்வர். சமையல்காரியும் வீட்டு வேலைக்காரியும் படுப்பது அதே இரண்டாம் மாடியில்தான். மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் என்ன இடம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

மேரி அந்த வீட்டுக்குப் புதியவர் இல்லை. மூத்த பெண்களுக்குப் பாடம் சொல்லித்தர வந்து வீட்டோடு தங்கிய ஆசிரியை அவர். முதல் மனைவிக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்த நாட்களிலேயே குடும்பப் பொறுப்பு ஆசிரியையின் கைக்கு வந்துவிட்டது. 1852-ல் முதல் மனைவி இறந்தார். 1853-ல் கல்யாணம். ஊர் வாய் சும்மா இருக்குமா?

1856-ல், மூத்த தாரத்தின் கடைசி இரண்டு பிள்ளைகளான கான்ஸ்டன்ஸும் வில்லியமும் வீட்டைவிட்டு ஓடிப்போனார்கள். கான்ஸ்டன்ஸுக்கு அப்போது 12 வயது. முடியை வெட்டிக்கொண்டு, பையன் உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வெட்டிய முடியை அவள் போட்டுவிட்டுப் போன இடம், தோட்டத்தில் இருந்த அதே கழிப்பிடம். நாலு வருஷம் கழித்து அவளுடைய மாற்றாந்தாயின் செல்லப் பிள்ளை அங்கேதான் கிடந்தான்.

காணாமல் போன ஒரு இரவு உடுப்பு

உள்ளூர் போலீசால் ஒன்றும் ஆகாததால் ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜோனதன் விச்சர் வந்தார். 1842-ல் லண்டன் போலீஸ் துப்பறியும் பிரிவைத் தொடங்கியபோது அதில் இருந்த 8 பேரில் ஒருவர்.

விச்சர் பிடித்துக்கொண்டது சலவைக் கணக்கை. 16 வயது கான்ஸ்டன்ஸிடம் இரவு உடுப்பு மூன்று இருக்க வேண்டும்; இரண்டுதான் இருந்தது. கொலை நடந்து இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, அழுக்குத் துணியோடு அவளுடைய உடுப்பையும் கூடையில் வைத்ததாக வேலைக்காரி சாரா காக்ஸ் சொன்னாள். கூடையில் அது வரவேயில்லை என்றாள் சலவைக்காரி. நடுவில் ஒரு சின்ன விஷயம் நடந்திருந்தது. சாரா துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கான்ஸ்டன்ஸ் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். சாரா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சுத்தமான உடுப்பைக் கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். உண்மையில் அழிக்கப்பட்டது வேறொரு உடுப்பு, ரத்தக்கறை பட்டது. பழி சலவைக்காரி தலையில் விழட்டும் என்று செய்த ஏற்பாடு. இதுதான் விச்சர் போட்ட கணக்கு.

நல்ல கணக்குதான். ஆனால் இல்லாத துணியை எப்படிச் சாட்சியாக நிறுத்துவது? ஜூலையில் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். அந்த மாதமே அவளை விட்டுவிட்டார்கள். தோட்டக்காரர் மகனான ஒரு போலீஸ்காரன், கனவான் வீட்டுப் பெண்ணின் இரவு உடுப்பைப் பற்றி ஊரறியப் பேசுவதா என்று பத்திரிகைகள் அவர் மேல் பாய்ந்தன. 1864-ல் உடல்நிலை காரணமாக அவர் வேலையிலிருந்து விலகினார்.

இனி, முதல் கேள்விக்கு வருவோம். யார் யார் வாயை மூடிக்கொண்டார்கள்?

உடல் கிடைத்த அன்று இரவு வீட்டைக் கண்காணிக்க வந்த இரண்டு போலீஸ்காரர்களைச் சமையலறையில் உட்காரவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார் சாமுவேல். அந்த இரவு வீட்டுக்குள் யார் எங்கே நடமாடினார்கள் என்பதை, பார்ப்பதற்கென்றே வந்தவர்களால் பார்க்க முடியவில்லை. உள்ளூர் போலீசும் சளைத்ததல்ல. அடுப்புக்கடியில் கிடைத்த ரத்தக்கறை படிந்த உள்ளாடை ஒன்றை, யார் எடுக்க வருகிறார்கள் பார்ப்போம் என்று திரும்ப அங்கேயே வைத்தார்கள். துணி மாயமானது. வெட்கத்தில் அதை விச்சரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த விஷயம் நவம்பரில்தான் வெளியே வந்தது. அதற்குள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட எலிசபெத் காஃபை இரண்டு முறை கைது செய்து விட்டிருந்தார்கள். வீட்டு மானம் என்று ஒன்று காப்பாற்றப்படும்போது முதலில் தெருவுக்கு வருவது சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான்.

சாமுவேல் யாரைக் காப்பாற்றினார்? மகளையா, தன்னையா, குடும்பப் பெயரையா? நாவலாசிரியர்களைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

பெரிய வாசகரும் தப்பான விடையும்

அன்றைக்கு நாடே இந்த வழக்கை ஒரு தொடர்கதையைப் போலப் படித்தது. ஆளாளுக்கு ஒரு முடிவு எழுதினார்கள். சார்லஸ் டிக்கன்ஸும் எழுதினார். தன் நண்பரும் நாவலாசிரியருமான வில்கி காலின்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தன் ஊகத்தைச் சொல்கிறார்: அப்பாவுக்கும் எலிசபெத் காஃபுக்கும் தொடர்பு, குழந்தை விழித்துக்கொண்டு பார்த்துவிட்டது, அதனால் கொலை.

மனித மனத்தை டிக்கன்ஸ் அளவுக்குக் கவனித்தவர்கள் குறைவு. அவரே ஏன் அந்தப் பக்கம் போனார்? அந்தக் கதை முன்பே தெரிந்த கதை. முதலாளியும் வேலைக்காரியும், கள்ள உறவு, சாட்சி. உடனே உட்கார்ந்துவிடுகிற கதை. 12 வயதுப் பெண் தன் முடியை ஏன் வெட்டிக்கொண்டாள் என்பதற்கு அதில் இடமே இல்லை. நாமும் ஒரு த்ரில்லரில் "இவன்தான்" என்று முடிவு கட்டும்போது பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம். முன்னால் இருக்கும் வீட்டை விட்டுவிட்டு, ஏற்கெனவே படித்த இன்னொரு வீட்டுக்குள் போய்விடுகிறோம்.

1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் ஒரு பாதிரியாரோடு லண்டன் பௌ தெரு நீதிமன்றத்துக்கு வந்து, தான்தான் கொன்றேன் என்றாள். தூக்குத் தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். 20 வருஷம் சிறையில் இருந்து 1885-ல் வெளியே வந்தாள். குழந்தைமேல் கோபம் எதுவும் இல்லை, அம்மாவை மாற்றாந்தாய் இழிவாகப் பேசியதற்குப் பழி என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

கதை முடிந்ததா? அப்பாவின் சவரக்கத்தியால் செய்ததாக அவள் சொன்னாள். கழுத்துக்கு அது பொருந்தும். மார்பில் இருந்த குத்துக் காயத்தைச் சவரக்கத்தியால் உண்டாக்குவது கடினம். 2008-ல் இந்த வழக்கைப் பற்றி விரிவாக எழுதிய கேட் சம்மர்ஸ்கேல், தம்பி வில்லியமுக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம், அவனைக் காப்பாற்றத்தான் அக்கா முழுப் பழியையும் ஏற்றுக்கொண்டாள் என்று சந்தேகிக்கிறார். வில்லியம் பின்னாளில் பெயர்பெற்ற கடல் உயிரியலாளர். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு பற்றி 1893-ல் புத்தகம் எழுதியவர். விடுதலையான கான்ஸ்டன்ஸும் ஆஸ்திரேலியா போய், ரூத் எமிலி கே என்ற பெயரில் நர்ஸாக வாழ்ந்து, 1944-ல் 100 வயதில் இறந்தார். சம்மர்ஸ்கேலின் சந்தேகம் சரியென்றால், ஒப்புதல் வாக்குமூலமே அந்த வீட்டின் கடைசி ரகசியத்தை மூடிய மூடி.

நாவல் எதை எடுத்தது, எதை விட்டது

1868-ல் வில்கி காலின்ஸ் 'த மூன்ஸ்டோன்' எழுதினார். கிராமத்துப் பெரிய வீடு, லண்டனிலிருந்து வரும் துப்பறிவாளர், சலவைக் கணக்கு, காணாமல் போன இரவு உடுப்பு, பேச மறுக்கும் அந்த வீட்டுப் பெண். எல்லாம் ரோட் ஹில்லிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினார். கொலைக்குப் பதில் வைரத் திருட்டு. உடுப்பில் ரத்தத்துக்குப் பதில் பெயின்ட் கறை. குழந்தை இல்லை.

அந்த மாற்றத்தால்தான் அதை நிம்மதியாகப் படிக்க முடிகிறது. புதிர் கையில் கிடைத்தது, துக்கம் வெளியே போனது. அதற்குப் பிறகு இந்த வழியில் எழுதிய ஒவ்வொருவரும், விட்டுப்போன துக்கத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

கொண்டுவந்தவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். ரூத் ரெண்டல், பார்பரா வைன் என்ற புனைபெயரில் 1986-ல் எழுதிய 'எ டார்க் அடாப்டட் ஐ' நாவல், ஒரு பெண்ணைத் தூக்கில் போடும் காலையில்தான் ஆரம்பிக்கிறது. கொலையாளி யார் என்று தொடக்கத்திலேயே தெரியும். அப்புறம் எதற்குப் படிக்கிறோம்? அக்கா தங்கைக்கு நடுவே இருந்த பாசம் எப்படி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளத்தான். ஷெர்லி ஜாக்சன் 1962-ல் எழுதிய 'வி ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்' நாவலில், சர்க்கரையில் கலந்த ஆர்செனிக்கால் ஒரே சாப்பாட்டில் நாலு பேர் செத்து ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. மிச்சமிருக்கும் அக்கா தங்கையும் பெரியவர் ஒருவரும் அதே வீட்டில், அதே மேசையில் சாப்பிடுகிறார்கள். யார் செய்தது என்பதைக் கவனமாகப் படிப்பவர் சீக்கிரமே ஊகித்துவிடலாம். ஊகித்தபின்தான் பயமே தொடங்குகிறது, தெரிந்துகொண்டே இவர்கள் எப்படி ஒன்றாக இருக்கிறார்கள் என்று.

ஆக, இந்த வகைப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது ஒரு சின்னப் பழக்கம் உதவும். ஒவ்வொரு அத்தியாயத்திலும், வீட்டில் இருக்கிறவர்களில் யாருக்கு இது தெரியும், வாயைத் திறந்தால் அவருக்கு என்ன போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாரா காக்ஸுக்குப் போவது வேலை. மனைவிக்குப் போவது தலைக்கு மேல் இருக்கும் கூரை. பிள்ளைக்குப் போவது மிச்சமிருக்கும் ஒரே பெற்றவர். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே படித்தால், கடைசிப் பக்கத் திருப்பம் முன்பே தெரிந்துவிட்டாலும் புத்தகம் சப்பென்று ஆகாது. இரண்டாவது முறை படிக்கவும் விஷயம் இருக்கும்.

"இந்த மாதிரிக் கதையெல்லாம் ஏன் படிக்கிறே?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். ஒரு வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியவந்தால் நாம் வழக்கமாகச் சொல்வது "வீட்டுக்கு வீடு வாசப்படி". பாதி ஆறுதல், பாதி 'இதோட விட்டுடு' என்கிற எச்சரிக்கை. அந்த வாசப்படியோடு நிற்காமல் உள்ளே போய்ப் பார்ப்பதால்தான் நல்ல குடும்ப த்ரில்லர் நமக்கு வேண்டியிருக்கிறது. மௌனம் எப்படிக் கட்டப்படுகிறது, யார் உழைப்பில் நிற்கிறது, யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதை அது ஒரு வீட்டு அளவில் காட்டிவிடுகிறது.

நல்லது, சுமாரானது என்று பிரிப்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோலும் அதிலிருந்து வந்ததுதான். புதிர் அவிழ்ந்த பிறகு, செத்தவர் ஓர் ஆளாக மனதில் நிற்கிறாரா, இல்லை வெறும் உடலாகத்தான் இருந்தாரா? ரோட் ஹில் வழக்கைப் படித்தவர்களுக்குக் கான்ஸ்டன்ஸ் தெரியும், விச்சர் தெரியும், இரவு உடுப்புகூடத் தெரியும். சாவிலைப் பற்றிப் பதிவாகியிருப்பது கொஞ்சம்தான். அவனை அடக்கம் செய்தது ஈஸ்ட் கோல்ஸ்டன் என்ற ஊரின் தேவாலயத் தோட்டத்தில். புத்தி சரியில்லை என்று ஒதுக்கி வைக்கப்பட்டு இறந்த, சாமுவேலின் முதல் மனைவி கிடப்பதும் அங்கேதான்.