மாற்றுச் சிறுநீரகமும் மறைந்துறையும் வைரசும்



1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1968 சனவரியில் நம் வளைகுடாப் பகுதியிலுள்ள ஸ்டான்போர்டில் டாக்டர் நார்மன் ஷம்வே, அமெரிக்காவிலேயே முதன்முறையாக, வயதுவந்த ஒருவருக்கு இதயத்தை மாற்றிப் பொருத்தினார். 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை நிகழ்த்தியது. அறுவை மருத்துவர்களின் கைத்திறனை உலகம் போற்றுகிறது, அது தகும். ஆனால் அறுவை முடிந்த பின்னர் நோயாளியின் உயிரைக் காப்பதில் பெரும்பங்கு ஆய்வுக்கூடத்திற்கு உண்டு. அதனை அறிந்தோர் சிலரே.

காவல் தளர்ந்த கோட்டை

நம் உடல் ஒரு கோட்டை. அயலார் எவர் நுழைந்தாலும் வெள்ளை அணுக்களாகிய காவலர் எதிர்த்து நிற்பர். பிறர் தந்த சிறுநீரகத்தையும் அவர்கள் பகையாகவே கருதுவர். ஆதலால் நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை நோயாளி நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். காவலர் கண்ணயர்ந்தால் புதிய உறுப்பு பிழைக்கும். ஆனால் கோட்டைக்குள் நெடுங்காலமாக ஒளிந்திருந்த கள்வரும் விழித்துக்கொள்வர்.

அக்கள்வருள் முதன்மையானது சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. நலமாக இருப்போர்க்கு இது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. வந்ததே தெரியாமல் உடலில் தங்கிவிடும். உறுப்பு மாற்றம் பெற்றவர்க்கோ நுரையீரல், குடல், கண் ஆகியவற்றைத் தாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

பெற்றோர் தரும் கொடை

உறுப்பு மாற்றத்திற்கு முன், கொடுப்பவர், பெறுபவர் இருவரின் இரத்தத்திலும் சி.எம்.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளதா என்று பார்ப்பர். அது இருந்தால், அவர் உடலில் அந்த வைரஸ் மறைந்திருக்கிறது என்பது பொருள்.

இந்தச் செய்தி நம் குடும்பங்களுக்கு நெருக்கமானது. இந்தியாவில் வளர்ந்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் சி.எம்.வி. உண்டு. அமெரிக்காவில் பிறந்து வளரும் பிள்ளைகள் பலரிடம் அது இல்லாதிருக்கலாம். தாயோ தந்தையோ அன்புடன் அளிக்கும் சிறுநீரகத்தோடு, அந்த வைரசை ஒருபோதும் கண்டறியாத பிள்ளையின் உடலுக்குள் அதுவும் சேர்ந்து நுழையக்கூடும். மருத்துவர்கள் அஞ்சும் இணைகளில் முதன்மையானது இதுவே. எனினும் இதன் பொருட்டுக் கொடையைக் கைவிட வேண்டியதில்லை. முன்கூட்டியே அறிந்தால் சில மாதங்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துக் காக்கலாம்.

ஒன்றிலிருந்து நூறு கோடி

மாற்றத்திற்குப் பின் எதிர்ப்பொருளை நம்பிப் பயனில்லை; காவலர் தளர்ந்திருப்பதால் அது சரிவர உருவாகாது. எனவே வைரசையே தேட வேண்டும். அதற்கு உதவும் பி.சி.ஆர். முறை நம் அண்டை ஊரான எமரிவில்லில் பிறந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். அங்கிருந்த சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய காரி மல்லிஸ், 1983ஆம் ஆண்டு ஓர் இரவில் மெண்டசினோ மாவட்டத்துக்குக் காரோட்டிச் சென்றபோது இக்கருத்து தமக்குத் தோன்றியதாகக் கூறியுள்ளார். 1993இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு அரசனைத் திகைக்க வைத்த புலவரின் கதையை மாணவர்கள் கேட்டிருப்பீர்கள். பி.சி.ஆர். முறையின் கணக்கும் அதுவே. சூடேற்றினால் டி.என்.ஏ.யின் இரு இழைகள் பிரிகின்றன. குளிர்வித்தால், தேடப்படும் வைரசின் டி.என்.ஏ.யில் மட்டும் சிறு தொடக்க இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் ஒரு நொதி அவற்றை நீட்டி முழுமையாக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும்: 10 சுற்றுகளில் 1,024, 20 சுற்றுகளில் பத்து இலட்சத்திற்கு மேல், 30 சுற்றுகளில் 107 கோடி! கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கும் அந்த நொதி, யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் கண்டறியப்பட்ட பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது.

குழாயில் ஒளிரும் சாயமும் சேர்க்கப்படுகிறது. வைரஸ் மிகுதியாக இருந்தால் சில சுற்றுகளிலேயே ஒளி தென்படும். குறைவாக இருந்தால் தாமதமாகும். இதைக்கொண்டு தொடக்கத்தில் இருந்த வைரசின் அளவைக் கணக்கிடுகின்றனர். காய்ச்சல் தோன்றுமுன்னரே அந்த எண் உயர்வதுண்டு. அப்போதே மருந்தைத் தொடங்கலாம்.

தராசு முள்

பி.கே. வைரஸ் என்பது மற்றொன்று. 1971இல் இலண்டனிலிருந்து வெளியான ஆய்வுக் கட்டுரை இதனை முதலில் அறிவித்தது. சிறுநீரக மாற்றம் பெற்ற ஒரு நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளே இதன் பெயராயின. நம்முள் பலருக்குச் சிறுவயதிலேயே தொற்றிச் சிறுநீரகத்தில் உறங்கும் இது, விழித்தால் மாற்றுச் சிறுநீரகத்தையே அழித்துவிடும். இதற்கென்று தனி மருந்து இல்லை. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளைச் சற்றுக் குறைப்பதே வழி. மிகையாகக் குறைத்தால் உடல் உறுப்பை ஒதுக்கிவிடும். குறைக்காவிடில் வைரஸ் வெல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் தராசு முள்ளே ஆய்வுக்கூடம் தரும் எண்.

நாம் செய்யத்தக்கவை

உறுப்பு மாற்றம் பெற்ற உறவினர் நம் இல்லத்தில் இருந்தால், குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுவோம். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று தவிர்க்க வேண்டா; நோய் வெளிப்படுமுன் பிடிப்பதே இதன் நோக்கம். இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் பரிசோதிப்பது நன்று. சி.எம்.வி.க்கு 2010இல் உலக நலவாழ்வு நிறுவனம் பொது அளவுகோல் வகுத்தபோதிலும், கூடத்துக்குக் கூடம் எண்கள் இன்னும் வேறுபடக்கூடும். தாயகம் செல்லும்போது பழைய முடிவுகளின் படிகளையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

நோயின் காரணத்தை ஆராய்ந்தறிந்து, பின்னர் அதனைத் தீர்க்கும் வழியைத் தேடுமாறு வள்ளுவர் மருத்துவர்க்கு அறிவுறுத்தினார். அந்த ஆராய்ச்சியை இன்று ஒரு துளி இரத்தத்திலும் நிகழ்த்த முடிகிறது. மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலரேனும் நாளை அந்த ஆய்வுக்கூடங்களில் பணிபுரிந்து, முகமறியாத நோயாளிகளின் உயிர் காப்பீர்களாக!