ஸ்பிளிண்டர்லாண்ட்ஸ் சிறப்புப் போர் விதிகளும் உத்திகளும்

ஸ்பிளிண்டர்லாண்ட்ஸ் என்பது இணைய உலாவி வழியாக ஆடப்படும் எண்ணிம வணிக அட்டை விளையாட்டு ஆகும். இதன் ஒவ்வொரு போருக்கும் பொது விதிகளுடன் சேர்த்து ஒன்றோ அதற்கு மேற்பட்டோ சிறப்பு விதிகள் அறிவிக்கப்படலாம். இவை சிறப்புப் போர் விதிகள் எனப்படுகின்றன. இவ்விதிகள் இரு தரப்பினருக்கும் ஒரே அளவில் பொருந்தும். ஆகவே விதி தானாக யாருக்கும் சாதகமாவதில்லை. அவ்விதியின் கீழ் எந்த அட்டையின் மதிப்பு உயர்கிறது, எதன் மதிப்பு தாழ்கிறது என்பதைச் சரியாகக் கணிப்பவருக்கே அது சாதகமாகிறது.

வரலாறு

இவ்விளையாட்டு 2018 ஆம் ஆண்டு ஜெசி ரீச், மாத்யூ ரோசன் ஆகியோரால் 'ஸ்டீம் மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் ஸ்டீம் பிளாக்செயின் மீது தொடங்கப்பட்டது. 2019 இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2020 இல் ஸ்டீமிலிருந்து பிரிந்து உருவான ஹைவ் பிளாக்செயினுக்கு மாற்றப்பட்டது. அட்டைகள் ஆடுபவரின் உடைமையாகப் பதிவு செய்யப்படுகின்றன. அவற்றை விற்கவும் வாடகைக்கு விடவும் இயலும்.

போரின் அடிப்படை

போர் தொடங்குமுன் மானா வரம்பு, சிறப்பு விதிகள், பயன்படுத்தத்தக்க பிரிவுகள் ஆகியன இருவருக்கும் காட்டப்படும். நெருப்பு, நீர், நிலம், வாழ்வு, இறப்பு, டிராகன் என ஆறு பிரிவுகள் உள்ளன. இவற்றுடன் எந்தப் பிரிவோடும் சேரக்கூடிய நடுநிலை அட்டைகளும் உண்டு. ஆடுபவர் ஒரு தலைமை அட்டையையும் அதன் கீழ் அதிகபட்சம் ஆறு போர் அட்டைகளையும் தேர்ந்து வரிசைப்படுத்த வேண்டும். இவற்றின் மொத்தச் செலவு மானா வரம்பை மீறக்கூடாது.

இருவரும் ஒருவர் தேர்வை மற்றவர் அறியாமல் படை அமைப்பர். அதன்பின் போர் தானாகவே நடந்து முடியும், இடையில் யாரும் குறுக்கிட இயலாது. எனவே இவ்விளையாட்டில் உத்தி என்பது முழுவதும் படை அமைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கியது.

தாக்குதல் மூவகைப்படும்.

அண்மைத் தாக்குதல்: பொதுவாக வரிசையின் முதலிடத்தில் உள்ள அட்டை மட்டுமே இதனைச் செய்ய முடியும். சில சிறப்புத் திறன்கள் பின்னிடங்களிலிருந்தும் தாக்க அனுமதிக்கின்றன.

தொலைத் தாக்குதல்: பின்னிடங்களிலிருந்து செய்யப்படும். முதலிடத்துக்கு வந்துவிட்டால், அதற்கான தனித்திறன் இல்லாத அட்டையால் தாக்க இயலாது.

மாயத் தாக்குதல்: எவ்விடத்திலிருந்தும் செய்யலாம். இது கவசத்தைக் கடந்து நேரடியாக உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கும். எதிரியின் வேகத்தால் குறி தவறுவதில்லை.

வேகம் இரு பணிகளைச் செய்கிறது. முதலில் தாக்குவது யார் என்பதை அது தீர்மானிக்கிறது. மேலும், தாக்குபவரை விட வேகம் கூடிய அட்டை, ஒவ்வொரு புள்ளி வேறுபாட்டுக்கும் 10% என்ற அளவில் அண்மை, தொலைத் தாக்குதல்களிலிருந்து தப்பும் வாய்ப்பைப் பெறுகிறது.

கவசத்தைப் பொறுத்தவரை புதியவர்கள் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. கவசத்தை உடைத்தபின் எஞ்சும் தாக்குவலு பொதுவாக உயிர்ப்புள்ளிகளுக்குச் செல்வதில்லை. 1 கவசப் புள்ளி மட்டுமே உள்ள அட்டையை 5 வலுவுள்ள அண்மைத் தாக்குதல் தாக்கினால் அக்கவசம் உடையும், மீதி 4 வீணாகும். துளைக்கும் திறனுள்ள அட்டைகள் இதற்கு விலக்கு.

விதிகளின் வகைப்பாடு

சிறப்பு விதிகளின் எண்ணிக்கை மிகுதி எனினும், அவை செய்யும் வேலையைக் கொண்டு நான்காகப் பிரித்தால் நினைவில் கொள்வது எளிது.

1. தடுக்கும் விதிகள்

இவை சில அட்டைகளைத் தேர்விலிருந்தே நீக்குகின்றன. 'கீப் யுவர் டிஸ்டன்ஸ்' அண்மைத் தாக்குதல் அட்டைகளையும், 'புரோக்கன் ஏரோஸ்' தொலைத் தாக்குதல் அட்டைகளையும், 'லாஸ்ட் மேஜிக்' மாயத் தாக்குதல் அட்டைகளையும் விலக்குகின்றன. 'ஈவன் ஸ்டீவன்ஸ்' இரட்டைப்படைச் செலவும், 'ஆட் ஒன்ஸ் அவுட்' ஒற்றைப்படைச் செலவும் கொண்ட போர் அட்டைகளை மட்டும் அனுமதிக்கின்றன.

இவ்வகை விதியைக் கண்டவுடன் எதிரியால் இனி என்ன செய்ய இயலாது என்பதைக் கணிக்க வேண்டும். மாயத் தாக்குதல் தடுக்கப்பட்டால் கவசத்தைக் கடந்து வரும் முதன்மையான ஆபத்து நீங்குகிறது. எனவே கவசம் மிகுந்த அட்டையும் கவசத்தைச் சீர்செய்யும் அட்டையும் அப்போரில் வழக்கத்தினும் கூடிய பயன் தரும். அண்மைத் தாக்குதல் தடுக்கப்பட்டால் முதலிடத்தில் யாரை நிறுத்துவது என்பதே முதன்மைச் சிக்கலாகிறது. மாயத் தாக்குதல் செய்யும், உயிர்ப்புள்ளி மிகுந்த அட்டை அவ்விடத்துக்கு ஏற்றது.

'லிட்டில் லீக்' விதி 4 மானாவுக்கு மேற்பட்ட செலவுடைய அட்டைகளை விலக்குகிறது. தலைமை அட்டையும் இதில் அடங்கும். ஆகவே ஏழு அட்டைகளுக்கும் சேர்த்து 28 மானாவுக்கு மேல் செலவிட வழியில்லை. மானா வரம்பு 40 என அறிவிக்கப்பட்டிருந்தாலும் உண்மையான வரம்பு 28 தான். அந்நிலையில் சிக்கனத்துக்கு இடமில்லை. ஆறு இடங்களையும் 4 மானாவுக்குள் அடங்கும் மிகச்சிறந்த அட்டைகளால் நிரப்புவதே முறை.

2. பண்புகளை மாற்றும் விதிகள்

'ஆர்மர்டு அப்' எல்லாப் போர் அட்டைகளுக்கும் 2 கவசப் புள்ளிகளைக் கூடுதலாக அளிக்கிறது. மேலே கூறிய கவசக் கணக்கின்படி, வலிமை மிகுந்த ஒற்றைத் தாக்குதலும் முதல் அடியில் பெரிதும் வீணாகிறது. மாயத் தாக்குதல் மட்டும் பாதிப்பின்றி உயிர்ப்புள்ளிகளைத் தொடுகிறது. மாறாக 'அன்புரொடெக்டட்' எல்லாக் கவசத்தையும் நீக்குகிறது. அப்போது கவசத்துக்காக மானா செலவிட்ட அட்டை நட்டத்தையே தரும்.

'வீக் மேஜிக்' விதியின் கீழ் மாயத் தாக்குதலும் முதலில் கவசத்தையே தாக்க வேண்டும். 'ஹீல்டு அவுட்' உயிர்ப்புள்ளிகளை மீட்கும் திறன்களை நீக்குகிறது. 'பேக் டு பேசிக்ஸ்' எல்லாப் போர் அட்டைகளின் சிறப்புத் திறன்களையும் நீக்குகிறது. அந்நிலையில் அட்டையின் தாக்குவலு, வேகம், கவசம், உயிர்ப்புள்ளி ஆகிய எண்களை மட்டும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். திறன்களுக்காகவே மதிக்கப்படும் அட்டைகள் வெறும் சுமையாகிவிடும்.

3. தலைகீழாக்கும் விதிகள்

'ரிவர்ஸ் ஸ்பீடு' விதியில் வேகம் குறைந்த அட்டை முதலில் தாக்கும். தப்பும் வாய்ப்பும் அதற்கே கூடும். வேகம் 1 உடைய அட்டையும் வேகம் 5 உடைய அட்டையும் மோதினால், வழக்கமாக இரண்டாவதற்குக் கிடைக்கும் 40% வாய்ப்பு இங்கு முதலாவதற்குக் கிடைக்கிறது. தன் படையின் வேகத்தை உயர்த்தும் தலைமை அட்டையைப் பழக்கத்தால் தேர்ந்தெடுப்பது இவ்விதியில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

'ஈக்குவலைசர்' விதி இரு படைகளிலும் மிக உயர்ந்த உயிர்ப்புள்ளி எதுவோ அதனை எல்லாப் போர் அட்டைகளுக்கும் தொடக்க அளவாகத் தருகிறது. ஒருவர் 12 உயிர்ப்புள்ளி கொண்ட விலையுயர்ந்த அட்டையைக் கொணர்ந்தால், எதிரியின் 2 மானா அட்டைக்கும் 12 கிடைக்கும். அதாவது உயிர்ப்புள்ளிக்காகச் செலவிட்ட மானாவின் பயனை எதிரியும் இலவசமாகப் பெறுகிறார். எனவே இவ்விதியில் தாக்குவலு மிகுந்து உயிர்ப்புள்ளி குறைந்த அட்டைகளே சிக்கனமானவை. 'பியூரியஸ் சிக்கன்' எனும் கோழி அட்டை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் செலவு 0 மானா. பழைய அட்டைகளை அனுமதிக்கும் போர்களில், எச்செலவுமின்றி முழு உயிர்ப்புள்ளி கொண்ட தடுப்புச் சுவராக அது மாறுகிறது.

4. சுற்றுதோறும் தேய்க்கும் விதிகள்

'எர்த்குவேக்' எனும் நிலநடுக்க விதியில், பறக்கும் திறனற்ற ஒவ்வொரு போர் அட்டையும் சுற்றின் முடிவில் 2 புள்ளி அண்மைத் தாக்குதலுக்கு உள்ளாகிறது. இதனைக் கவசம் முதலில் தாங்கும். கவசமற்ற, 6 உயிர்ப்புள்ளி கொண்ட அட்டை எதிரி தொடாமலேயே மூன்றாம் சுற்றின் முடிவில் மடியும். பறக்கும் அட்டைகளைக் கொண்ட படை சில சுற்றுகள் தாக்குப்பிடித்தாலே போதும், எஞ்சிய வேலையை நிலநடுக்கம் செய்துவிடும்.

'நாக்சியஸ் பியூம்ஸ்' எனும் நச்சுப்புகை விதியில் எல்லாப் போர் அட்டைகளும் நஞ்சூட்டப்பட்ட நிலையில் தொடங்குகின்றன. நஞ்சு சுற்றுக்கு 2 உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கும். கவசம் இதற்குத் தடையாவதில்லை. நோய் எதிர்ப்புத் திறனுடைய அட்டைகள் மட்டும் விலக்கு. நிலநடுக்கத்துக்கு ஏற்ற கவசப் படையை இங்கும் அமைப்பவர் தோற்பது உறுதி எனலாம். இரு விதிகளும் சுற்றுக்கு 2 என்றே குறைத்தாலும், அவ்விரண்டு எங்கிருந்து குறைகிறது என்பதே வேறுபாடு.

விதிகள் சேரும்போது

இரு விதிகள் ஒன்றாக வரும்போது அவற்றைத் தனித்தனியே படித்தால் போதாது. நச்சுப்புகையுடன் 'ஹீல்டு அவுட்' சேர்ந்தால் நஞ்சின் இழப்பை ஈடுசெய்யும் வழி அடைபடுகிறது. நிலநடுக்கத்துடன் 'அன்புரொடெக்டட்' சேர்ந்தால் கவசம் எனும் தப்பும் வழி நீங்கி, பறத்தல் ஒன்றே எஞ்சுகிறது.

எடுத்துக்காட்டாக 'ஈக்குவலைசர்', 'நாக்சியஸ் பியூம்ஸ்' ஆகிய இரண்டும் 20 மானா வரம்புடன் வருவதாகக் கொள்வோம். தலைமை அட்டைக்கு 4 போக 16 மானா எஞ்சும். இரு படைகளிலும் உயர்ந்த உயிர்ப்புள்ளி 10 எனில் அனைவரும் 10 புள்ளிகளுடன் தொடங்குவர். நஞ்சு சுற்றுக்கு 2 குறைப்பதால், மீட்பு இல்லாத எந்த அட்டையும் ஐந்து சுற்றுகளுக்கு மேல் நிற்காது. எனவே நெடும்போருக்கான பாதுகாப்பு பயனற்றது. முதல் இரண்டு, மூன்று சுற்றுகளில் மிகுதியான தாக்குதலைத் தரக்கூடிய மலிவான அட்டைகளும், கிடைக்குமாயின் நோய் எதிர்ப்புத் திறனுடைய ஓர் அட்டையும் இங்கு வேண்டும்.

தேர்வு செய்யும் ஒழுங்கு

பின்வரும் வரிசையில் சிந்திப்பது நேரத்தைச் சேமிக்கும்.

முதலாவது, எந்த அட்டைகள் தடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காண்க.
இரண்டாவது, எப்பண்பு மதிப்பிழந்துள்ளது என்பதைக் காண்க. அப்பண்புக்காக மானா செலவிடுதல் கூடாது.
மூன்றாவது, போர் குறுகியதா நீண்டதா எனக் கணிக்க. தேய்க்கும் விதிகள் போரைக் குறுக்கும். கவசம் கூட்டும் விதிகள் நீட்டும்.
நான்காவது, முதலிடத்து அட்டையைத் தேர்க. அது வீழ்ந்தபின் முன்னால் வருவது தொலைத் தாக்குதல் அட்டையாயின் அதன் தாக்குதல் நின்றுபோகும் என்பதை மறவாதிருக்க.
இறுதியாக, இதே விதியில் எதிரி எதைத் தேர்வார் எனக் கருதி வரிசையைத் திருத்துக.

வரம்புகள்

உத்தி எல்லாக் குறையையும் ஈடுசெய்யும் எனக் கொள்ளுதல் தவறு. ஒரே அட்டையின் பல படிகளை இணைத்து அதன் நிலையை உயர்த்த முடியும். உயர்நிலை அட்டையின் எண்களும் திறன்களும் மிகுதி. ஆகவே அட்டை வளம் மிக்கவருக்கு இயல்பாகவே மேலாண்மை உண்டு. சிறப்பு விதிகள் அதனை ஓரளவு குறைக்கின்றன. 'லாஸ்ட் லெஜண்டரிஸ்' மிக அரிய அட்டைகளை விலக்குகிறது. 'ரைஸ் ஆப் த காமன்ஸ்' எளிதிற் கிடைக்கும் இரு தர அட்டைகளை மட்டுமே அனுமதிக்கிறது. இத்தகைய போர்களில் சிறு தொகுப்புடையவரும் வெல்லும் வாய்ப்பு கூடுகிறது.

இதில் பணமும் தொடர்புடையது. 2021 இல் இவ்விளையாட்டின் பயனர் எண்ணிக்கை பெருகியது. பரிசு ஈட்ட விரும்பியோர் அக்காலத்தில் 10 அமெரிக்க டாலர் செலுத்தி நுழைந்தனர். 2022 இல் மறையீட்டு நாணயச் சந்தை வீழ்ந்தபோது அட்டைகளின் மதிப்பும் பரிசுகளின் மதிப்பும் குறைந்தன. ஓர் அட்டையின் சந்தை விலையும் அதன் போர்ப் பயனும் வெவ்வேறானவை. ஒரே விலையுயர்ந்த அட்டை 'பேக் டு பேசிக்ஸ்' விதியில் எளிய அட்டைக்குச் சமமாகலாம், 'லிட்டில் லீக்' விதியில் பயன்படாமலே போகலாம். பல விதிகளுக்கும் பொருந்தும் மலிவான அட்டைகளைப் பரவலாக வைத்திருப்பது, அல்லது தேவைப்படும்போது வாடகைக்குப் பெறுவது, சிறு முதலுடையவருக்கு இழப்புக் குறைந்த வழியாகும்.