பிரிந்து வாழும் பெற்றோர் குழந்தையுடன் வெளிநாட்டில் குடியேறுதல்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழும் நிலையில், அவர்களுள் ஒருவர் 18 வயது நிறையாத குழந்தையை அழைத்துக்கொண்டு வெளிநாட்டில் குடியேற விரும்பும்போது, மற்றவரின் ஒப்புதல் தேவையா, அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்னும் கேள்விகள் எழுகின்றன. மதுரை மாவட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் செவிலியர், பொறியாளர், கணினிப் பணியாளர் எனப் பலர் வெளிநாடு செல்வதால் இக்கேள்விகள் இங்கும் எழுகின்றன. இந்தியச் சட்டத்தில் இவற்றுக்கு ஒரே விடை தரும் தனிச் சட்டம் இல்லை. கடவுச்சீட்டு, நீதிமன்ற அனுமதி, குடியேறும் நாட்டின் விசா ஆகிய மூன்றும் தனித்தனியானவை. ஒன்று கிடைத்தால் மற்ற இரண்டும் கிடைத்துவிட்டதாகக் கருதுவதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணமாகிறது.

எடுத்துக்காட்டாக, மேலூரில் வாழும் ஒரு செவிலியருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைக்கிறது என்று கொள்வோம். ஏழு வயது மகள் அவருடன் வளர்கிறாள். கணவர் பிரிந்து வாழ்கிறார். விவாகரத்து வழக்கு முடியவில்லை. இந்தத் தாய் எந்தெந்தப் படிகளைக் கடக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

காப்பாளரும் பராமரிப்புப் பொறுப்பும்

காப்பாளர் என்பவர் குழந்தையின் கல்வி, மருத்துவம், சொத்து போன்றவற்றில் அதன் சார்பாக முடிவெடுக்கும் சட்ட உரிமை உடையவர். பராமரிப்புப் பொறுப்பு என்பது குழந்தையை அன்றாடம் தம்முடன் வைத்து வளர்ப்பது. இவை இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ‘அவருக்குப் பின்’ என்பதைத் தந்தை இறந்த பிறகு என்றே நெடுங்காலம் பொருள் கொண்டனர். கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ‘பின்’ என்பது ‘இல்லாத நிலையில்’ என்றே பொருள்படும். தந்தை குழந்தையின் பொறுப்பை ஏற்காமல் இருந்தால், அவர் உயிருடன் இருக்கும்போதே தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று அத்தீர்ப்பு விளக்கியது.

இஸ்லாமியச் சட்டத்தில் இளம் வயதுக் குழந்தையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. இயற்கைக் காப்பாளர் தந்தை. கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் பராமரிப்பு ஆணைகளுக்கு வழி செய்கிறது. எல்லா மதத்தினருக்கும் பொதுவாக இருப்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தாலும் நீதிமன்றம் முதன்மையாகப் பார்ப்பது குழந்தையின் நலனையே. குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர் என்பதை, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே வலியுறுத்தியது.

கடவுச்சீட்டு

மதுரை வட்டாரக் கடவுச்சீட்டு அலுவலகம் தென் மாவட்டங்களுக்கான விண்ணப்பங்களைக் கவனிக்கிறது. குழந்தைக்குக் கடவுச்சீட்டு பெற, வழக்கமாகப் பெற்றோர் இருவரும் ‘இணைப்பு டி’ என்னும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஒப்புதல் தராத நிலையில், விண்ணப்பிக்கும் பெற்றோர் ‘இணைப்பு சி’ என்னும் உறுதிமொழியைத் தரலாம். ஒப்புதல் பெற முடியாததற்கான காரணத்தையும், நீதிமன்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்பதையும் அதில் உண்மையாகக் குறிப்பிட வேண்டும். 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மாற்றங்களின்படி இந்த உறுதிமொழிகளை வெள்ளைத்தாளில் எழுதித் தந்தால் போதும். நோட்டரி சான்று தேவையில்லை. பெற்றோர் இருவரில் ஒருவர் பெயரை மட்டும் குறிப்பிடவும் வழி செய்யப்பட்டது.

வழக்கை மறைத்துப் பொய் உறுதிமொழி தருவது 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மேலூர்த் தாய்க்கு ‘இணைப்பு சி’ மூலம் மகளின் கடவுச்சீட்டு கிடைக்கலாம். ஆனால் கடவுச்சீட்டு ஒரு பயண ஆவணம் மட்டுமே. குழந்தை யாரிடம் வளர வேண்டும், எந்த நாட்டில் வாழ வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

நீதிமன்ற அனுமதி

குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்துக்கே அதன் காப்புரிமை பற்றி விசாரிக்கும் அதிகாரம் உண்டு. குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடங்களில், 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி அந்நீதிமன்றமே இதை விசாரிக்கும். மதுரையிலும் குடும்ப நல நீதிமன்றம் உள்ளது. அதன் ஆணையை எதிர்த்து, ஒத்தக்கடை அருகே உலகனேரியில் 2004 ஜூலை முதல் இயங்கும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம்.

நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட காப்பாளர், அந்நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு கூறுகிறது. எனவே பராமரிப்பு ஆணை கையில் இருந்தாலும், வெளிநாடு செல்வதற்கெனத் தனி அனுமதி பெறுவதே பாதுகாப்பானது. வழக்கு நிலுவையில் இருந்தால் அதே வழக்கில் இடைக்கால மனு தாக்கல் செய்யலாம்.

அம்மனுவில் நீதிபதி பொதுவாக அறிய விரும்புவன:

வேலை உறுதியானதா, வருமானம் போதுமானதா.
குழந்தை எங்கே தங்கும், எந்தப் பள்ளியில் படிக்கும், தாய் பணிக்குச் செல்லும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்.
விவரம் அறிந்த வயதுடைய குழந்தையின் விருப்பம் என்ன.
தந்தை குழந்தையுடன் எப்படித் தொடர்பில் இருப்பார்.

கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடையுடன் செல்லும் மனு வலுவாக இருக்கும். வாரந்தோறும் காணொலி அழைப்பு, பள்ளி விடுமுறையில் ஊருக்கு அழைத்து வருதல், முகவரி மாறினால் தெரிவித்தல், நீதிமன்றம் அழைக்கும்போது குழந்தையை முன்னிலைப்படுத்துவதாக உறுதி அளித்தல் ஆகியவற்றை மனுவிலேயே எழுதித் தரலாம். குழந்தைக்குத் தந்தையின் அன்பும் தேவை என்பதைத் தாய் ஏற்கிறார் என்பதை இவை நீதிமன்றத்துக்குக் காட்டும்.

குடியேறும் நாடு கேட்பவை

ஒவ்வொரு நாட்டின் விதியும் வேறு. இங்கிலாந்தில் பணி விசா பெற்றவருடன் குழந்தை செல்ல, பொதுவாகப் பெற்றோர் இருவரும் அங்கே இருக்க வேண்டும் அல்லது உடன் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் மட்டும் சென்றால், குழந்தையின் முழுப் பொறுப்பும் தம்முடையதே என்பதை அவர் மெய்ப்பிக்க வேண்டும். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை கோரும்போது, உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் ‘ஐ.எம்.எம். 5604’ என்னும் படிவத்தில் கேட்கப்படுகிறது. ஆஸ்திரேலியா, குழந்தை எங்கே வாழ வேண்டும் என்று முடிவு செய்யும் சட்ட உரிமை உடைய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும், அல்லது சொந்த நாட்டுச் சட்டம் குழந்தையை அழைத்துவர இடமளிக்க வேண்டும் என எதிர்பார்க்கிறது.

குழந்தையை இப்போது அழைத்துச் செல்லாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கனடா விண்ணப்பத்தில், முன்னாள் துணையிடம் வளரும் குழந்தையின் பெயரையும் குறிப்பிட வேண்டும். மறைக்கப்பட்டு, ஆய்வுக்கு உட்படாமல் போன குழந்தையைப் பின்னாளில் குடும்ப உறுப்பினராக அழைத்துக்கொள்ளும் தகுதி இழக்கப்படலாம். 2019 முதல் இதில் ஓரளவு தளர்வு தரப்பட்டிருந்தாலும், அதை நம்பிக் குழந்தையின் பெயரை விட்டுவிடுவது ஆபத்தானது.

அனுமதியின்றி அழைத்துச் சென்றால்

ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு முறையின்றிக் கொண்டு செல்லப்பட்ட குழந்தையைத் திரும்ப அனுப்புவதற்காக 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை உள்ளது. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகியவை இதில் உள்ளன. இலங்கை 2001இல் இணைந்தது. இந்தியா இணையவில்லை. சட்ட ஆணையம் 2009இல் இணையுமாறு பரிந்துரைத்தது; 2016இல் ஒரு சட்ட வரைவும் ஆராயப்பட்டது. ஆயினும் அது சட்டமாகவில்லை.

இதனால் இந்தியாவில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ வருகின்றன. 2007இல் அமெரிக்காவிலிருந்து தாயால் இந்தியாவுக்கு அழைத்துவரப்பட்ட ஒரு சிறுவனைத் தேடும் பொறுப்பு மத்தியப் புலனாய்வு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 2009இல் அவன் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டான். இடைப்பட்ட காலத்தில் அவன் ஊர் மாறி, பள்ளி மாறி வாழ நேர்ந்திருந்தது. அவனை அமெரிக்காவுக்குத் திரும்ப அழைத்துச் செல்ல உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் 2017இல் வேறொரு வழக்கில், வெளிநாட்டு நீதிமன்ற ஆணை கருத்தில் கொள்ள வேண்டிய ஒரு காரணி மட்டுமே, குழந்தையின் நலனே மேலானது என்று அதே நீதிமன்றம் கூறியது.

உடன்பாடும் சட்ட உதவியும்

இருவரும் பேசி எழுத்து வடிவில் உடன்படுவதே விரைவான வழி. அவ்வுடன்பாட்டை நீதிமன்றத்தில் பதிந்து ஆணையாகப் பெற்றால், விசா அலுவலகத்தில் அதற்கு மதிப்பு கூடும். பேச்சுவார்த்தைக்குக் குடும்ப நல நீதிமன்ற ஆலோசகர்களும் சமரச மையமும் உதவுவர். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இதற்கு அணுகலாம்.

மேலூர்த் தாய் வேலை ஆணை வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது, மகளின் பயணத்துக்கு அனுமதி கோரி மனு தாக்கல் செய்வது. விமானச் சீட்டு வாங்குவது அதற்குப் பிறகுதான். அனுமதியுடன் சென்றால் விடுமுறைதோறும் மகளை அச்சமின்றி ஊருக்கு அழைத்து வரலாம். மகளும் தந்தையைப் பார்க்கலாம்.