எலும்புக்குள் ஒரு விளக்கு

நுழையும்முன்

கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்கு மருந்திடுவது எளிது. எலும்பின் உள்ளறைக்குள் ஒளிந்திருக்கும் நோயைக் காண்பது எவ்வாறு? இயற்பியலும் வேதியியலும் மருத்துவத்தோடு கைகோத்து அவ்வழியைக் கண்டறிந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

மேல்மலையனூரைச் சூழ்ந்துள்ள பகுதி, செஞ்சிக் குன்றுகளை அடுத்த பாறை நிலமாகும். இங்கு ஒரு வயலில் ஊற்று பெருகும். அடுத்த வயலில் ஆழத் தோண்டினாலும் ஈரம் தென்படாது. ஓரிடத்துக் கிணற்றைக் கொண்டு ஊர் முழுமைக்கும் நீர்வளம் கூற இயலாது என்பதை உழவர் நன்கறிவர். நிணநீர்ப் புற்று எலும்பு மஜ்ஜையில் பரவியுள்ளதா என ஆராயும் மருத்துவரும் இதே சிக்கலையே எதிர்கொள்கின்றனர்.

நிணநீர்ப் புற்று

நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிடும் வெள்ளணுக்களுள் ஒருவகை லிம்போசைட்டுகள். இவை கட்டுப்பாடின்றிப் பெருகுவதே 'லிம்போமா' எனப்படும் நிணநீர்ப் புற்று. இதன் ஒரு வகையை 1832ஆம் ஆண்டில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். அவ்வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வலியற்ற கட்டி, நீடித்த காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியன இதன் அறிகுறிகள். காசநோயின் அறிகுறிகளும் ஏறத்தாழ இவையே. ஆதலின் திசு ஆய்வு செய்து நோயை உறுதிப்படுத்துவது இன்றியமையாதது.

நோய் நான்கு நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. குருதியணுக்கள் பிறக்கும் இடமாகிய எலும்பு மஜ்ஜையை நோய் எட்டிவிட்டால் அது நான்காம் நிலை. எனினும் அந்நிலையிலும் குணமடைந்தோர் பலர். எவ்வளவு காலம், எத்தகைய மருத்துவம் என்பதை முடிவுசெய்யவே நிலையறிதல் வேண்டப்படுகிறது.

ஊசியின் எல்லை

இடுப்பெலும்பின் பின்புறத்தில் தடித்த ஊசியைச் செலுத்திச் சிறிதளவு மஜ்ஜையை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது நெடுங்கால வழக்கம். ஆனால் புற்றணுக்கள் மஜ்ஜை முழுவதும் சீராகப் பரவுவதில்லை. ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தங்குகின்றன. ஊசி பட்ட இடத்தில் நோய் இல்லையெனில் முடிவு 'இல்லை' என்றே வரும். முதுகெலும்பில் தங்கிய நோயோ அறியப்படாமலேயே இருக்கும். ஒற்றைக் கிணற்றின் குறை இதுவே.

சர்க்கரை காட்டும் வழி

1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த ஊடுகதிர், எலும்பின் சுண்ணம் பெருமளவு கரைந்த பின்னரே மாற்றத்தைக் காட்டும். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம், மஜ்ஜையிலுள்ள கொழுப்பின் இடத்தைப் புற்றணுக்கள் கவர்ந்துகொள்வதைக் காட்டவல்லது. இவற்றினும் வேறுபட்ட வழியில் இயங்குவது பெட்-சி.டி. படக்கருவி.

புற்றணுக்கள் பல, இயல்பான அணுக்களைவிட மிகுதியாகக் குளுக்கோஸை உட்கொள்ளும். இதனை 1920களில் ஆட்டோ வார்பர்க் கண்டறிந்தார். இப்பண்பே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. குளுக்கோஸை ஒத்த மூலக்கூறு ஒன்றில் ஃபுளூரின்-18 என்னும் கதிரியக்க ஓரிடத்தானை இணைத்து, உண்ணாதிருக்கும் நோயாளியின் சிரைக்குள் செலுத்துவர். பசித்த புற்றணு அதனை விழுங்குகிறது. ஆனால் முழுமையாகச் சிதைக்க இயலாமல் தன்னுள்ளேயே தேக்கிவைக்கிறது. ஃபுளூரின் வெளியிடும் பாசிட்ரான், அருகிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் மறைய, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பாய்கின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த உணரிகள் அவற்றைப் பற்றி, அவை புறப்பட்ட இடத்தைக் கணிக்கின்றன. இருண்ட ஊரில் விளக்கெரியும் வீடுகள் தெரிவதுபோல நோயுள்ள இடங்கள் ஒளிர்கின்றன. உடனெடுக்கும் சி.டி. படம் அவ்விடம் எந்த எலும்பு எனச் சுட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஃபுளூரின்-18இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 110 நிமிடங்கள். ஆகவே அதனைச் சேமித்துவைக்க இயலாது. சைக்ளோட்ரானில் உருவாக்கி விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

ஒளிர்வதெல்லாம் புற்றன்று

குருதிச்சோகையிலும், வெள்ளணுக்களைப் பெருக்கும் மருந்து பெற்ற பின்னரும் மஜ்ஜை முழுவதும் சீராக ஒளிரக்கூடும். அது நோயன்று, உழைப்பு. தனித்தனித் திட்டுகளாக ஒளிர்வதே ஐயத்திற்குரியது. மேலும், மெல்ல வளரும் சிலவகைப் புற்றுகள் குறைவாகவே ஒளிரும். எனவே ஹாட்ஜ்கின் வகையில் பெட்-சி.டி. எடுக்கப்பட்டிருப்பின் மஜ்ஜை ஊசி பெரும்பாலும் தேவையில்லை எனவும், மெல்ல வளரும் வகைகளில் ஊசியாய்வு இன்னும் தேவை எனவும் 2014இல் வெளியான லுகானோ வகைப்பாடு வழிகாட்டியது. கருவி கண்ணாகலாம், தீர்ப்பு வழங்குவது மருத்துவரின் அறிவே.

காலத்தே காணல்

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அடையாறு புற்றுநோய் நிறுவனம். அங்கு 1955இல் பணியேற்ற டாக்டர் வி. சாந்தா, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். மேல்மலையனூர்ப் பகுதியினர்க்குச் சென்னையும் புதுச்சேரியும் உயர் சிகிச்சைக்குரிய நகரங்கள். எத்துணை நுட்பமான கருவி அங்கிருப்பினும், வலிக்கவில்லை என்று கழுத்துக் கட்டியைப் பொருட்படுத்தாதிருந்தால் பயனில்லை. எலும்புக்குள் விளக்கேற்ற அறிவியல் அறியும். அவ்விளக்கின் வாயிலுக்கு உரிய காலத்தில் செல்வது மக்களின் கடமை.

கற்பவை கற்றபின்

1. 'ஒற்றைக் கிணறு' என்னும் உவமை எதனை விளக்குகிறது? உரையாடுக.
2. நோயறிதலில் இயற்பியலின் பங்கு குறித்து ஒருபக்கக் கட்டுரை எழுதுக.